கேட்கக் கூடாத கேள்வி

“ஐயா வந்தாலே இந்த அறைக்கு ஒரு களை வந்துடுது!”

மேக்கப் அக்கா குழைந்த குழைவைப் பார்க்கப் பார்க்க, அடுத்த நாற்காலியில் இருந்த நெறியாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவின் கைக்கு முகத்தைக் கொடுத்திருந்தவர் பாதுகாப்பு நிபுணர். அண்டை நாட்டின்மீது படையெடுத்தே தீர வேண்டும் என்று இதே தொலைக்காட்சியில் பத்து நாள்களாக முழங்கி வருபவர். அந்த நாட்டின் எண்ணெய்க் கிணறுகள்மீது கண் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அவர்தான் ஆலோசகர் என்பது நெறியாளருக்குத் தெரியும். நேயர்களுக்குத்தான் தெரியாது.

அதைக் கேட்கவே அவள் ஒரு கேள்வி எழுதியிருந்தாள். செய்தி ஆசிரியர் காகிதத்தைத் திருப்பித் தந்தபோது, அந்த ஒரு கேள்வி மட்டும் சிவப்பு மையில் அடிபட்டிருந்தது.

“வர்றவர் எங்க வேலை பார்க்கறார்னு துருவுற வேலை நமக்கு வேணாம்மா. அந்தக் கம்பெனி விளம்பரத்துலதான் இங்க விளக்கே எரியுது. மீறிக் கேட்டா, நாளையிலேருந்து உனக்கு வானிலை அறிக்கைதான்!”

நிபுணர் தம் கோட்டில் குத்தியிருந்த நிறுவனத்தின் தங்க நிற பேட்ஜைக் கழற்றிப் பவுடர் டப்பாவின் அருகில் வைத்தார்.

“கம்பெனி மீட்டிங்லேருந்து நேரா வர்றேன்” என்று நெறியாளரைப் பார்த்துக் கண்ணடிக்கவும் செய்தார்.

“முகத்துல எண்ணெய் துடைக்கத் துடைக்க ஊறுதே! கிணறு ஏதும் வெச்சிருக்கீங்களா ஐயா?”

நிபுணர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்த வேகத்தில் பவுடர் கோட்டில் கொட்டியது.

“அச்சச்சோ! கழட்டிக் குடுங்க ஐயா, ஒரு நிமிஷத்துல தட்டித் தர்றேன்.”

கோட்டை வாங்கி, ஓரமாகக் கொண்டுபோய்த் தட்டி, பிரஷ் போட்டு, அக்கா தானே அதை அவருக்கு மாட்டியும் விட்டாள். இனிமேல் பவுடர் படாமலிருக்கக் கழுத்தைச் சுற்றி மார்பு மறைய ஒரு துணியையும் கட்டினாள். நேரமாகிவிட்டது என்று வெளியே குரல் கேட்ட பிறகுதான் அதை உருவினாள்.

நிபுணர் வெளியேறியதும் நெறியாளரால் பொறுக்க முடியவில்லை.

“கோட்டு மாட்டிவிடற அளவுக்கா அக்கா? கொஞ்சமாவது முதுகெலும்பு வேணாமா?”

“எனக்கு எதுக்கும்மா அது? நாள் முழுக்கக் குனிஞ்சே நிக்கிற வேலை. நீ போ, நேரமாச்சு.”

மணி ஏழு. நேரலை தொடங்கியது.

“அந்த மக்களோட விடுதலைக்காகத்தான் போர் வேணும்கிறேன். இதுல எனக்கென்ன லாபம்? என் மனசாட்சி பேசுது!” என்றார் நிபுணர், மார்பை நிமிர்த்தி.

நிமிர்ந்த மார்பில் பேட்ஜ் மின்னியது.

நெறியாளர் ஒரு கணம் திகைத்தாள். காகிதத்தில் அடிபட்ட கேள்வி வேறு, கண்ணெதிரே இருப்பதைப் பற்றிய கேள்வி வேறு. ஆனால் செய்தி ஆசிரியருக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதை அவள் அறிவாள். ஆறு வருட உழைப்பில் கிடைத்த நாற்காலி இது.

கேட்டாள்.

“ஐயா, உங்க கோட்டுல இருக்கற பேட்ஜ் எந்த நிறுவனத்தோடது?”

நிபுணரின் கை சட்டென்று மார்புக்குப் போனது. யாரும் சொல்லாமலே கேமரா அந்தக் கையை நெருங்கியது.

“இது... வந்து... நண்பர் ஒருத்தர்...”

“அந்த எண்ணெய் நிறுவனத்துல நீங்க என்ன பொறுப்புல இருக்கீங்க?”

நிபுணரின் கை பேட்ஜை இன்னும் இறுக மூடியது. அதை நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

நிகழ்ச்சி முடிந்த மறுநிமிடம் செய்தி ஆசிரியர் ஒப்பனை அறைக்குள் பாய்ந்து வந்தார். பின்னாலேயே நெறியாளரும் ஓடி வந்தாள்.

“பேட்ஜைக் கழட்டி வெச்சேன்னு அந்த மனுஷன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்றார்! யாரு திரும்பக் குத்தினது?”

அக்கா பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த முதுகைப் பார்த்ததும் நெறியாளருக்கு எல்லாம் விளங்கியது.

“நான்தான் சார்” என்றாள் நெறியாளர்.

“பொய் சொல்லாதம்மா.” அக்கா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். “நீ கேட்டதுக்கு நீ பதில் சொல்லு, போதும். குத்தினதுக்கு நான் சொல்லிக்கறேன்.”

செய்தி ஆசிரியரின் முகம் சிவந்தது. “இருபது வருஷமா இங்க இருக்கீங்க. உங்க வேலை என்னன்னு உங்களுக்கே தெரியாதா?”

“நல்லாத் தெரியும் சார். வர்றவங்க முகத்துல இருக்கறதை மறைக்கத்தான் எனக்குச் சம்பளம். கோட்டுல இருக்கறதை மறைக்க இல்லையே!”