மெல்லத் தள்ளினால் போதும்

கண்ணப்பன் மூன்றாவது மீன் கட்லட்டை எடுத்தபோதே, திட்டம் பாஸாகிவிட்டது என்று அர்ச்சனாவுக்குத் தெரிந்துவிட்டது. மீன்வள இலாகாவில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். பலனை நேரில் பார்க்க, பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் டொரத்தி ஆன்டியின் சாப்பாட்டுக் கடைக்கு வந்திருந்தார்.

"நம்பவே முடியல லா," என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு. "நான் வேலைக்குச் சேந்த காலத்துலேர்ந்து இந்தக் கடைன்னாலே சுறா புட்டுதான். இப்பச் சுத்திப் பாக்குறேன், ஒரு மேசையிலயும் காணோம். தடை போட்டீங்களா?"

"தடை போட்டா ஆசை கூடிடும் சார். நாங்க மெல்லத் தள்ளுனோம், அவ்வளவுதான்."

அர்ச்சனா பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் நடத்தை அறிவியல் நிபுணர். மனிதர்கள் எதை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை லண்டன்வரை போய்ப் படித்தவள். அவள் அம்மா மட்டும் இன்னமும் அதை விளம்பர வேலை என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருமுறை கிள்ளான் மீன் பாசாரில், ஐஸ் பெட்டிக்குள் சுறாக் குட்டிகள் வரிசையாகக் கிடந்ததை அவள் பார்த்தாள். முழங்கை நீளம்கூட இல்லை. குட்டிகளையே தின்று தீர்த்தால் கடலில் என்ன மிஞ்சும் என்று நினைத்ததில் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்படிப் பிறந்த திட்டம் இது.

டொரத்தியின் மெனுவில் சுறா புட்டைக் கடைசி வரிக்குத் தள்ளி, எழுத்தைச் சிறிதாக்கினாள். பெயரையும் 'உதிர்த்த மீன், சாதா' என்று மாற்றினாள். மேலே நட்சத்திரம் போட்டு, பளபளவென்று ஒரு படம்: 'பிரிக்ஃபீல்ட்ஸ் குடும்பங்கள் அதிகம் விரும்புவது, டொரத்தி கட்லட்.' யாராவது வாய் திறந்து புட்டு என்று கேட்டால், "கட்லட் சூடா இருக்கு பாஸ்" என்று சொல்ல வேலையாட்களைப் பழக்கினாள்.

பக்கத்து மேசையில் கார்த்திகேசு உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் ஓய்வுபெற்றவர், இந்தக் கடைப் புட்டுக்காகவே சாலாக் செலாத்தானிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்தவர். அவர் தட்டிலும் இப்போது கட்லட்தான்.

"என்ன அங்கிள், புட்டு வேணாமா?" என்று கேட்டார் கண்ணப்பன்.

"புட்டா? நான் எப்பவுமே கட்லட் ஆளு தம்பி," என்றார் கார்த்திகேசு, கொஞ்சம் கோபமாகவே.

அர்ச்சனா பெருமை தாங்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாத்தீங்களா சார்? தள்ளுனது அவருக்கே தெரியாது. ஆனா ஒரு முக்கியமான விதி இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "எதுக்குன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. கடலு, அழிவு, இயற்கைன்னு ஆரம்பிச்சாலே மனுஷனுக்கு முறைப்பு வந்துரும். கடைக்கார ஆன்டிக்கே தெரியாது. 'புட்டு பழைய ஃபேஷன் ஆன்டி, கட்லட்ட மேல தூக்கி விடுவோம்'னு மட்டும்தான் சொன்னேன்."

கண்ணப்பன் அவளை மரியாதையோடு பார்த்தார். கடலைக் காப்போம் என்று காலங்காலமாகப் போஸ்டர் அடித்து, கடைசியில் அதை மீன் மடிக்கக் கொடுத்த இலாகா அவருடையது.

அப்போது கிள்ளானிலிருந்து மீன் போடும் வாசு, ஐஸ் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனான். அர்ச்சனா அவனை நிறுத்தினாள்.

"அண்ணே, வியாபாரம் எப்படிப் போவுது?"

"நல்லா இருக்கு மேடம். ஆன்டி முன்னவிட இப்ப நெறைய எடுக்குறாங்க."

"மீன்காரங்க வயித்துலயும் அடிக்கல சார்," என்றாள் அர்ச்சனா. கண்ணப்பன் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். அமைச்சருக்கு எழுதும்போது இப்படி ஒரு வரி ரொம்ப உதவும்.

"சரி, அடுத்த மாசத்துலேர்ந்து கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க செஞ்சிருவோம்," என்றார். "ஒரு கடை பாக்கி இருக்கக் கூடாது. எல்லா மெனுவிலயும் கட்லட் மேல போகட்டும்."

அர்ச்சனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஐஸ் பெட்டியும் குட்டிகளும் நினைவுக்கு வந்தன. இனி விதியாவது ஒன்றாவது, நல்லது செய்த மனுஷிக்குத் தான் செய்த நல்லது தெரிய வேண்டாமா?

படம் எடுக்க வேண்டும் என்று டொரத்தியைக் கூப்பிட்டாள். அடுக்களையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்த டொரத்தியின் தோளை அணைத்துக்கொண்டாள்.

"ஆன்டி, இவ்வளவு நாளு உங்ககிட்ட ஒரு விஷயத்த மறைச்சுட்டேன். சுறாவக் காப்பாத்தத்தான் இதெல்லாம் செஞ்சோம். உங்க கடையால இன்னிக்கு எத்தனையோ சுறா கடல்ல உயிரோட நீந்திக்கிட்டு இருக்கு."

டொரத்தி அவளைப் பார்த்தார். பிறகு கண்ணப்பனின் தட்டைப் பார்த்தார். கேலி செய்கிறார்களோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்ட மாதிரி இருந்தது.

"என்னம்மா சொல்ற? சுறா போடாம கட்லட் எப்படி இவ்வளவு மெத்துன்னு வரும்?"