கையுறை போட்ட மாப்பிள்ளை

முப்பத்திரண்டு வருடம் சிறையில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு, ஒருவன் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தால் தடயத்தை மறைக்கிறான் என்றுதான் தோன்றும். இப்போது போட்டிருப்பவன் சொந்த மருமகன். வேலை செய்வது அவருடைய காரில்.

"கைக்கு எதுக்கு மாப்பிள்ளை உறை?" என்றார், வாசல்படியில் நின்றபடி.

"விரல் ரேகை படக் கூடாது மாமா. புது டிஸ்க்ல கைப்பிசுக்கு ஒட்டினா பிரேக் சரியாப் பிடிக்காதாம், வீடியோல சொன்னாங்க."

முதல் வாக்கியமே வார்டருக்குப் போதுமானதாக இருந்தது.

பிரேக்கை மிதித்தால் கார் நடுங்குகிறது என்று அவர்தான் புலம்பியிருந்தார். மெக்கானிக்குகள் எல்லாரும் தப்பி வெளியே திரியும் கைதிகள் என்பது அவர் கட்சி. அதனால் மருமகன், "நானே வீட்ல வந்து மாத்தித் தரேன்" என்றதும் ஓசியில் முடிகிறதே என்று சம்மதித்துவிட்டார். செலவே இல்லாமல் சூனியம் வைத்துக்கொண்டோமோ என்று இப்போது தோன்றியது.

முன்சக்கரம் கழன்று தரையில் கிடந்தது. அதற்குப் பின்னால் இருந்த பழைய டிஸ்க், துருவேறிய வட்டத்தகடு, வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. மருமகன் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டான். வார்டர் ஓரடி பின்வாங்கினார்.

மகள் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். "நாளைக்குத் தனியாத்தானேப்பா காரை எடுத்துட்டுப் போறீங்க? மலைப்பாதை வேற. கொண்டை ஊசி வளைவே பதினெட்டு இருக்கு."

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. உயில் எல்லாம் எழுதிட்டீங்கல்ல?"

பெற்ற மகளுமா? எத்தனையோ கொலைகாரர்களுக்குக் கதவு பூட்டியவர்தான். ஆனால் அவர்களில் யாரும் அவரை அப்பா என்று கூப்பிட்டதில்லை.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. மகளும் மருமகனும் உள்ளே போன நேரத்தில் அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பிடிப்பே இல்லாமல் கால் தரைவரை போய்விட்டது.

ஆதாரம் கிடைத்துவிட்டது. போலீசுக்குப் போகலாம். போனால் மகள் உள்ளே போவாள். அங்கே இருக்கிற அத்தனை பேரும் அவருக்குத் தெரிந்தவர்கள், மானம் கப்பலேறிவிடும். வார்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். கெடுத்தவனுக்குச் சரிசெய்யவும் தெரியும். கார் அவன் பெயரில் இருந்தால் தானாகவே சரிசெய்துகொள்வான். யாரும் சாகவும் வேண்டாம், ஜெயிலுக்குப் போகவும் வேண்டாம்.

எல்லாப் படிவத்திலும் ஒன்று வாங்கி வைத்திருப்பது அவர் வழக்கம். உரிமை மாற்றப் படிவத்தைப் பீரோவிலிருந்து எடுத்து, கையெழுத்துப் போட்டு, சாவியோடு மருமகனிடம் நீட்டினார்.

"இந்த நிமிஷத்துலேர்ந்து இது உங்க கார், மாப்பிள்ளை. நான் பஸ்லயே போய்க்கிறேன்."

"ஐயோ, வேண்டாம் மாமா."

"மறுத்துப் பேசாதீங்க. கையெழுத்தப் போடுங்க."

மருமகன் தயங்கித் தயங்கிப் போட்டான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வார்டர் பெருமூச்சு விட்டு, உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

மருமகன் காரில் ஏறி பிரேக்கை நாலைந்து முறை மிதித்தான். மிதி கெட்டியாக நின்றது. புது டிஸ்க் மாட்டியதும் முதல் மிதி தரைவரைதான் போகும்; யாராக இருந்தாலும் இப்படி நாலைந்து முறை மிதித்த பிறகுதான் பிரேக் பிடிக்கும். தெருமுனையில் கார் ஒரு நடுக்கமும் இல்லாமல் அழகாக நின்றது.

பக்கத்து இருக்கையில் இருந்த மகள் படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அப்பா வீட்டு மாடிப்படிக் கைப்பிடி ஆடுதுங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை அதையும் இதே மாதிரி நல்லபடியாச் சரி பண்ணிக் குடுத்துட்டா, வீடும் நம்ம பேருக்கு வந்துடும்."