வலியைச் சொல்ல மாட்டேன்

கன்னத்தைப் பிடித்திருந்த கையைச் சட்டென்று எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார் எலெக்ட்ரீஷியன்.

"எந்தப் பல்லு வலிக்குது?" மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டார் பல் டாக்டர்.

"வலியே இல்ல டாக்டர். சுகமா இருக்கேன்."

"விடிய விடிய புலம்பினாரு டாக்டர்," என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. சொல்லுக்கு வல்லமை இருக்கு. சுவிட்சைப் போட்டா லைட்டு எரியற மாதிரி, சுகம்னு சொன்னா சுகம் வரும், நோவுன்னு சொன்னா நோவு வரும். ஞாயித்துக்கிழமை சபைக்கு வந்த பிரசங்கியார் சொன்னாரே!"

"எக்ஸ்ரேயில மூணு சொத்தைப் பல்லு தெரியுது. எதுன்னு சொல்லலைன்னா தப்பானதைப் பிடுங்கிடுவேன்."

"எல்லாத்தையும் பிடுங்கிடுங்க டாக்டர். வீடு நிம்மதியா இருக்கும்," என்றாள் மனைவி.

டாக்டர் சிரித்தார். "என்ன வேணும்னு இயேசு கேட்டப்போ, பார்வையில்லாதவர் தன் குறையை வாய்விட்டுத்தானே சொன்னாரு? அந்தச் சொல்லுக்கும் வல்லமை இருந்துச்சே! பிரசங்கியார் அதையும் சொன்னாரு."

"சொல்லவே இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் மாஸ்க்கைக் கழற்றினார். ஞாயிற்றுக்கிழமை சபை மேடையில் பார்த்த அதே முகம்!

"கடைசியில சொன்னேன். அப்போ நீங்க முதல் வரிசையில குறட்டை விட்டுட்டிருந்தீங்க."

எலெக்ட்ரீஷியன் வாயை அகலத் திறந்தார்.

"கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிப் பல்லு ஐயா! உயிர் போகுது!"