பனிமேட்டில் வேதவல்லி
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு, ஆகஸ்ட் மாதக் காலை; ஆஸ்திரேலியாவில் அது குளிர்காலம். பனிச்சறுக்குப் பாதை யூகலிப்டஸ் காட்டுக்குள் மேடும் பள்ளமுமாக வளைந்து போகிறது. கிளைகளிலிருந்து பனி உதிர்வதைத் தவிர வேறு சத்தமே இல்லை. பரமட்டாவில் டாக்டராக வேலை பார்க்கும் வேதவல்லி காலில் சறுக்குப் பலகைகளோடு பாதிமேட்டில் மறுபடியும் விழுந்து கிடக்கிறாள். கம்பளிக் கையுறை நனைந்து கனக்கிறது, மூக்குக்கண்ணாடியெல்லாம் பனித்தூள். கீழே நிற்கும் அவள் கணவன் சேஷாத்ரி கத்துகிறான்: “போதும் வேதா, பலகையைக் கழட்டிட்டு நடந்து வந்துடு. எல்லாரும் பாக்கறா!” மேட்டின் உச்சியில் அவளோடு வேலை செய்யும் வெள்ளைக்கார டாக்டர்கள் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். ஒருவர் கைகொடுக்க இறங்கி வருகிறார். “நோ, தேங்க்யூ” என்று கையிலிருக்கும் சறுக்குக் கோலை நீட்டி அவரை அங்கேயே நிறுத்துகிறாள். “பாத்தா பாக்கட்டுமே!” என்று கீழே பார்த்து ஒரு சத்தம். முழங்காலை ஊன்றி எழுகிறாள். பலகைகளின் முனையை அகல விரித்து, வாத்து நடையாக, மூச்சிரைக்க ஏறுகிறாள். உச்சியில் அவர்கள் ஒதுங்கி இடம்விடுகிறார்கள். அவள் நிற்கவில்லை. மறுபக்கத்து இறக்கம் ஒரு தடமும் படாமல், கண்கூசும் வெயிலில் வெள்ளையாகக் கிடக்கிறது. “வேதா, விழுந்துடுவே!” சேஷாத்ரியின் குரல் பின்னால் கீழேயிருந்து வருகிறது. “விழுந்தா எழுந்துக்கறேன்!” என்று சொல்லிக் கோலை ஊன்றித் தள்ளுகிறாள்.