பல்பத்தின் அவசரம்

சிலேட்டில் எழுதும் பல்பத்துக்குப் பொறுமையே கிடையாது. நாலு வயது இளவேனிலின் விரல் லேசாகத் தடுமாறினால் போதும், அதுவே அவள் கையை இழுத்துக்கொண்டு ஓடி, 'அ'வைச் சுழித்துக் கோட்டையும் போட்டுவிடும்.

"யாரு கண்ணு எழுதினது?" என்று அப்பா கேட்டால் பிள்ளை முழிப்பாள். பல்பம்தான் "நான்! நான்!" என்று குதிக்கும்.

"அப்போ அவ எப்பதான் எழுதுவா?" என்றது சிலேட்டு.

"நான் விட்டா கோணிக்குமே!"

ஒருநாள் குதித்த குதியில் பல்பம் உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டது. இளவேனிலுக்குக் கை எட்டவில்லை. தம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துச் சிலேட்டில் வைத்தாள். முதல் எழுத்து வழிந்தது. இரண்டாவது நத்தை மாதிரி சுருண்டது.

"டேய், வருது! வந்துருச்சு!" என்று அலறியது சிலேட்டு.

"என்ன வந்துச்சு? சொல்லித் தொலையேன்!" என்றது கட்டிலுக்கடியிலிருந்து பல்பம்.

"கோணல்தான். ஆனா 'அ'! ஐயோ, ஈரம் காயுதே!"

சிரித்தபடி வந்த அப்பா, துடைப்பத்தால் பல்பத்தை வெளியே தள்ளினார். இளவேனில் பாய்ந்து எடுத்தாள். இழுக்கத் துடித்த பல்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் போன வழியே போனது. எழுத்து சாய்ந்து, அதன் கால் மரச்சட்டத்தில் போய் முட்டியது.

"யாரு கண்ணு எழுதினது?"

பழக்கதோஷம், பல்பம் வாயைத் திறந்தது. அதற்குள் வீடே அதிர ஒரு குரல் முந்திக்கொண்டது.

"நானு!"