கழுவின மணல்

மதிய வெயில் வெறும் மீன்தொட்டிக்குள் விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் உப்புநீர் வாளி தயாராக நிற்கிறது. மூன்று வாரம் காத்திருந்து அவள் வரவழைத்த கடல்மணல் பை மட்டும் காலி. சமையலறையில் கணவர் அந்த மணலை வெந்நீரில் அலசிக்கொண்டிருக்கிறார். "ஒரே நாத்தம். நாலு தண்ணி விட்டுக் கழுவிட்டேன்" என்கிறார், பெருமை வழிய. அவள் பல்லைக் கடிக்கிறாள். "மீன் கழிவைத் தின்னுற நல்ல கிருமிங்க அதுல உசிரோட இருந்துச்சு. அத்தனையும் செத்துப்போச்சு. கழுவக் கூடாதுன்னு நேத்து சாப்பிடும்போது படிச்சுப் படிச்சுச் சொன்னேன்." "எங்கிட்டயா?" "உங்ககிட்டதான். ம்ம்னீங்க." குழாய் நிற்கிறது. சல்லடையில் மணல் சர்க்கரைபோல் வெள்ளைவெளேரென்று மின்னுகிறது. "சரி விடு, நாளைக்கே வேற வாங்கிடலாம், என்ன?" அவள் திரும்பிப் போய், துளி ஈரம் இல்லாத தொட்டியை அழுத்தி அழுத்தித் துடைக்கிறாள். முகத்தைத் திருப்பாமலே, "ம்ம்" என்கிறாள்.