இடம் கேட்ட பால்

"'இங்கே குளிருது, எனக்கு வேற இடம் வேணும்!' காலையிலிருந்து இதே பாட்டுதானாடி?" என்று வெடித்தது எவர்சில்வர் கிண்ணம். "ஜன்னலோரம் கேட்டே, நகர்ந்தேன். காத்து அடிக்குதுன்னே. அடுப்புப் பக்கம் வந்தேன். தாளிக்கிற நெடின்னே. மகாராணி இன்னும் எங்கே போகணும்?"

"ஃபிரிட்ஜ் மேலே," என்றது உள்ளே இருந்த பால். "அங்கே போனாத்தான் நான் தயிராவேன். சாயங்காலத்துக்குள்ள உறையலைன்னா என்னை சிங்க்கில கொட்டிடுவாங்க."

"ஒவ்வொரு தடவை நகரும்போதும் உறைய ஆரம்பிச்சது கலைஞ்சு போகுது. அதைப் பார்த்தியா நீ? வெளியே எட்டிப் பார்க்கவே உனக்கு நேரம் சரியா இருக்கு."

பால் கோபமாகத்தான் குனிந்து பார்த்தது. காலையில் விட்ட ஒரு ஸ்பூன் பழைய தயிர், யாரையும் எதுவும் கேட்காமல் அடியில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பால் லேசாகக் கெட்டியாகியிருந்தது. பால் இன்னும் கொஞ்சம் பார்த்தது. பேச்சு நின்றது.

மத்தியானம் போனது. சமையலறையில் அதே குளிர், அதே நெடி. பழகிய புலம்பல் கேட்காமல் கிண்ணத்துக்கு என்னவோ போலிருந்தது. மெல்லச் சாய்ந்து பார்த்தது. உள்ளே எதுவும் தளும்பவில்லை.

"என்னடி, கோபமா? ஃபிரிட்ஜ் மேலேயே கொண்டு போறேன். போகலாமான்னு ஒரு வார்த்தை சொல்லேன்!"